பைக் எஞ்சினில் ஒரு கார்: வீட்டு கராஜில் கட்டத் தொடங்குவோருக்கு

யமஹா ஆர்1 மோட்டார்சைக்கிளின் எஞ்சின், கியர்பாக்ஸையும் சேர்த்து ஏறத்தாழ 65 கிலோதான். இரண்டு பேர் கைகொடுத்தால் மேஜைமேல் தூக்கி வைத்துவிடலாம். 1998இல் வெளிவந்தபோதே அது 998 சிசியில் 150 குதிரைத்திறன் தந்தது. அதை 450 கிலோ எடையுள்ள, கூரையில்லாத இரண்டு இருக்கைக் காரில் வைத்தால் ஒரு டன்னுக்கு 330 குதிரைத்திறன் என்று கணக்கு வருகிறது. விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கும் எட்டாத கணக்கு இது. இங்கிலாந்தில் பல பேர் வார இறுதிகளில் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் மூன்று விஷயங்களை நம்பி வடிவமைத்தார்கள். வண்டி வளைவில் சாயும். ஆளோடு சேர்த்தும் முந்நூறு கிலோவுக்கு மேல் பெரிதாகப் போகாது. பின்னால் நகர வேண்டுமென்றால் ஓட்டுபவர் காலை ஊன்றித் தள்ளிக்கொள்வார். காரில் இந்த மூன்றுமே பொய்த்துவிடுகின்றன. புதிதாக வருபவர்கள் வெல்டிங்கையும் வயரிங்கையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அவை எந்தக் காருக்கும் உள்ள வேலைகள். இந்தக் காருக்கே உரிய தலைவலிகள் எல்லாம் அந்த மூன்றிலிருந்துதான் கிளம்புகின்றன.

எந்த வடிவம், எந்த நாடு

கட்டப்படும் கார்களில் பெரும்பாலானவை 1957இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவனின் வாரிசுகள். நீண்ட மூக்கு, சக்கரங்களுக்கு மேல் தனித்தனி மட்கார்டு, பின் அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்ந்த இருக்கைகள். உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அன்றைய பிரிட்டிஷ் கொள்முதல் வரி இல்லை என்பதால்தான் அது அவ்வளவு பரவியது. 1973இல் வாட் வரி வந்து அந்தச் சலுகை போனது. அதே ஆண்டில் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் போனது. 1996இல் ரான் சாம்பியன், பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டை உடைத்து 250 பவுண்டில் இப்படியொரு காரைக் கட்டலாம் என்று அளவுகளோடு புத்தகம் எழுதினார். ‘லோகாஸ்ட்’ என்ற பெயரில் ஒரு பட்டாளமே கிளம்பியது. 250 பவுண்டு என்ற தொகையை இன்று யாரும் நம்பி இறங்க வேண்டாம்.

பின் அச்சு, ஹப், பிரேக் எல்லாம் ஏதாவது பழைய பின்சக்கர இயக்கக் காரிலிருந்து வரும். நெடுங்காலம் ஃபோர்டு சியராதான் அந்தக் கார். 1993இல் அதன் தயாரிப்பு நின்றுபோனதால் உடைக்கும் இடங்களில் இப்போது அரிது. அந்த இடத்துக்கு மஸ்டா எம்எக்ஸ்-5 வந்திருக்கிறது. எந்தக் காரை உடைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு, அதற்கென்றே வடிவமைத்த சேசிஸைத் (காரின் எலும்புக்கூடான சட்டகத்தை) தேடுங்கள். வரிசையை மாற்றினால் ஒவ்வொரு பிராக்கெட்டையும் அறுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு: வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்துப் பதிவு செய்துகொள்ள, இங்கிலாந்தில் இருப்பது போன்ற தேர்வு இந்தியாவில் இல்லை. சாலையில் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொறியியல் மாணவராக இருந்தால், மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் கார்களோடு மோதும் ஃபார்முலா பாரத் போட்டி இருக்கிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அது நடந்துவந்திருக்கிறது. அங்கே கேடிஎம் 390 எஞ்சினை வைத்து மாணவர்கள் கட்டும் கார்களும் இதே மூன்று சிக்கல்களோடு பழகியவைதான்.

எஞ்சினை முழுசாக வாங்குங்கள்

ஆர்1, சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000, ஹோண்டா ஃபயர்பிளேடு, சுசுகி ஹயபூசா. இந்த நான்கிலிருந்து ஒன்றைத்தான் பெரும்பாலோர் எடுக்கிறார்கள். முதல் மூன்றும் எடை குறைந்தவை, உச்சச் சுழற்சியில் உயிர் பெறுபவை. ஹயபூசா 1999 முதல் 1299 சிசி, 2008 முதல் 1340 சிசி. எடை கூடுதல், ஆனால் முறுக்குவிசையும் கூடுதல். ஆர்1 ஏறத்தாழ 108 நியூட்டன் மீட்டர் தரும் இடத்தில் பழைய 1299 சிசி ஹயபூசாவே 138 தரும். கனமான காருக்கு முறுக்குவிசைதான் சோறு போடும். பணம் இடம் கொடுத்தால் முதல் காருக்கு ஹயபூசாவைத்தான் பரிந்துரைப்பேன். விலை கட்டுப்படவில்லை என்றால் கார்புரேட்டர் வைத்த பழைய ஆர்1. வயரிங் பாதியாகக் குறையும்.

எஞ்சினை மட்டும் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று ஓடாதீர்கள். விபத்தில் நசுங்கிய முழு பைக்கை வாங்குவதே மேல். வயரிங் கட்டு, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), அதற்கு உரிய சாவி, மீட்டர், காயில்கள், கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடி, பெட்ரோல் பம்ப், கிளட்ச் லீவர்கூட அதிலேயே கிடைத்துவிடும். சாவியில் சிப் இருக்கும் மாடல்களில் சாவி இல்லாத எஞ்சின் வெறும் அலுமினியக் கட்டிதான். எஞ்சின் எண்ணையும் ஆவணங்களையும் ஒத்துப் பார்த்து, திருட்டு வண்டி அல்ல என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு செய்யப் போகும்போது அதே கேள்வி உங்களிடம் வரும்.

சேசிஸ்: பற்றவைக்கத் தெரிந்தால் மட்டும்

லோகாஸ்ட் வகைச் சேசிஸ் 25 மில்லிமீட்டர் சதுர எஃகுக் குழாய்களால் ஆனது. சுவர் தடிமன் 1.6 மில்லிமீட்டர். வெல்டிங் தெரியாதவர் இதில் கைவைக்க வேண்டாம், கட்டி முடித்த சேசிஸையே வாங்கிவிடுங்கள். பழகிக்கொள்ள வேறு ஆயிரம் இரும்புகள் இருக்கின்றன. உங்கள் முதுகெலும்புக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் மூட்டு அதற்கு உகந்த இடம் அல்ல.

தெரிந்தவருக்குச் சில வரிகள். தடித்த பலகையைத் தரையில் போட்டு ரசமட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன்மேல் சேசிஸின் அடித்தளத்தைக் கோடு கோடாக வரைந்துகொள்ளுங்கள். குழாய்களைக் கட்டைகளால் நெருக்கி நிறுத்தி, முதலில் மூட்டுக்கு இரண்டு பொட்டு மட்டும் வையுங்கள். முழு வடிவமும் எழுந்து நின்ற பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிட்டு, ஒத்துவந்தால் மட்டும் முழு மூட்டுகளைப் பற்றவையுங்கள். ஒரே மூலையில் தொடர்ந்து பற்றவைத்தால் சூடு குழாயை இழுத்துவிடும். முன் இடது மூலையில் ஒன்று, பின் வலது மூலையில் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும்.

எஞ்சினைத் திருப்பி வைத்தல்

பைக்கில் கிராங்க் ஷாஃப்ட் குறுக்காகக் கிடக்கும். செயின் ஓடும் பல்சக்கரம் இடப்பக்கம் இருக்கும். காரில் பின் அச்சுக்கு நெடுக்காக ஒரு தண்டு போக வேண்டுமென்பதால் எஞ்சினையே கால் வட்டம் திருப்பி வைக்கிறோம். பைக்கின் இடப்பக்கம் காரின் பின்பக்கமாகிவிடும். எக்ஸாஸ்ட் காரின் இடப்புறமும் கார்புரேட்டர் வலப்புறமும் வந்துவிடும். இதில் தற்செயலாக அமைந்த ஒரு நல்லது: இப்படித் திருப்பினால் தண்டு சுழலும் திசை சாதாரணக் காரின் திசையோடு ஒத்துப்போகிறது. பின் அச்சின் நடுவில் இருந்து இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தலைகீழாக்க வேண்டியதில்லை.

எஞ்சினின் சொந்த போல்ட் துளைகளுக்கே ஒரு தொட்டில் செய்து, அதைச் சேசிஸோடு பூட்ட வேண்டும். பைக் எஞ்சின் என்றால் கைக்கு அடக்கமானது என்று மெல்லிய பிராக்கெட் போட்டுவிடாதீர்கள். கியர்பாக்ஸும் அதே கூட்டுக்குள் இருப்பதால், முதல் கியரில் பெருகிய முறுக்குவிசை முழுவதையும் அந்தத் தொட்டில்தான் தாங்க வேண்டும். ஆர்1இல் அது 400 நியூட்டன் மீட்டரைத் தாண்டும்.

எண்ணெய்: இங்கேதான் எஞ்சின்கள் சாகின்றன

பைக் வளைவில் சாயும்போது எண்ணெயும் அதோடு சாய்ந்து சம்பின் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியின்) அடியிலேயே நிற்கிறது. கார் சாய்வதில்லை. நீண்ட வளைவில் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாயின் வாய் வெளியே வந்துவிடும். பம்ப் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு அந்தச் சில நொடிகள் போதும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் எஞ்சின் கூட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

தரைக்கும் காருக்கும் இடையே உள்ள இடைவெளிக்காகப் பலர் சம்பின் ஆழத்தையும் குறைக்கிறார்கள். ஆழம் குறைந்தால் ஆபத்து கூடும். ஆகவே சம்பைக் கழற்றி, பெட்டிபோல் அறைகள் பிரித்த தடுப்புத் தகட்டைப் பொருத்துவது இந்தக் காரில் கட்டாயம். நல்ல தகடுகளில் உறிஞ்சு குழாயைச் சுற்றி உட்பக்கமாக மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருக்கும். எண்ணெய் உள்ளே ஓடிவரும், வெளியே ஓடாது. பந்தயச் சாலைகளில் நிறைய ஓட்டப்போகிறவர்கள் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அமைப்புக்குப் போகிறார்கள். பணம் பிடிக்கும், ஆனால் ஒரு எஞ்சினை மாற்றுவதைவிட மலிவு.

பைக்கில் பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்துக்கு ஒரு சிறு விளக்கு மட்டும் இருக்கும். அதை நம்பாதீர்கள். முள் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, கூடவே பெரிய சிவப்பு விளக்கு ஒன்றை ஸ்டீயரிங்குக்கு மேலே கண் படும் இடத்தில் வையுங்கள். எண்ணெயும் பைக்குக்கு உரியதாக, ‘ஜாஸோ எம்ஏ’ குறியுள்ளதாக இருக்க வேண்டும். கிளட்ச் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. கார்களுக்கான வழுக்கும் எண்ணெய் ஊற்றினால் கிளட்ச் பிடிக்காது.

காகிதத்தில் போட வேண்டிய கணக்கு

டிஃபரன்ஷியல் விகிதத்தை எஞ்சின் வாங்கும் வாரத்திலேயே முடிவு செய்ய வேண்டும். கணக்கு எளிது. எஞ்சின் சுற்றை முதன்மைக் குறைப்பு (கிராங்கிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பல்சக்கரங்களின் விகிதம்), கியர் விகிதம், டிஃபரன்ஷியல் விகிதம் மூன்றாலும் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று வரும். ஆர்1 போன்ற எஞ்சினுக்கு முதன்மைக் குறைப்பு 1.58, ஆறாவது கியர் 1.12 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 185/60 ஆர்13, சுற்றளவு 1.73 மீட்டர். சியராவின் 3.62 விகிதத்தில் 11,500 சுற்றுக்கு மணிக்கு 186 கிலோமீட்டர் வரும். 3.14 விகிதத்தில் 215.

எதை எடுப்பது? 3.62இல் கார் பாய்ந்து கிளம்பும். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகும்போதே எஞ்சின் 6,800 சுற்றில் அலறும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேச முடியாது. 3.14இல் அதே வேகத்துக்கு 5,900 சுற்று. ஆனால் முதல் கியர் நீண்டுவிடும்; மேட்டில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் தேயும். இரண்டுக்கும் நடுவே 3.38 கிடைத்தால் சாலைக்கு அதுவே சரி என்பது என் கணிப்பு. பந்தயத்துக்கு மட்டும் என்றால் 3.62 அல்லது அதற்கும் மேல்.

தண்டும் ரிவர்ஸும்

செயின் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அடாப்டர் வரும். உட்புறம் எஞ்சின் தண்டின் பற்களைக் கவ்விக்கொள்ளும். வெளிப்புறத் தட்டில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது பின் அச்சுக்குப் போகும் அந்த நெடுந்தண்டு, பூட்டப்படும். இதை லேத் பட்டறையில் ஏதோ ஒரு இரும்பில் கடைந்துகொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். இதற்கென்று செய்து விற்பவர்களிடம் வாங்குங்கள். மேற்சொன்ன கணக்குப்படி உச்ச வேகத்தில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 6,500 சுற்று சுழல்கிறது. ஒரே நீளத் தண்டாகப் போட்டால் நடுவில் வில்போல் வளைந்து அடிக்கத் தொடங்கும். இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு பேரிங் வைப்பதுதான் வழக்கம். தண்டைச் சுற்றி எஃகு வளையம் ஒன்றும் போடுங்கள். அது உங்கள் தொடைக்கு அருகில் ஓடுகிறது.

ரிவர்ஸ் கியர் எஞ்சினில் இல்லை. பிரிட்டிஷ் சட்டப்படி 410 கிலோவுக்கு மேல் வெற்று எடையுள்ள மோட்டார் வாகனத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் வசதி இருந்தாக வேண்டும். எடையை அதற்குக் கீழே கொண்டுவந்து தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சியராவின் உதிரிகளைப் போட்டுக்கொண்டு அது நடக்கிற காரியம் அல்ல. இரண்டு வழிகள் இருக்கின்றன. க்வைஃப் போன்ற நிறுவனங்கள் செய்யும் ரிவர்ஸ் பெட்டியைத் தண்டின் நடுவில் பொருத்தலாம்: உறுதியானது, விலையும் எடையும் கூடுதல். அல்லது தண்டில் ஒரு பல்வளையம் பூட்டி, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒன்றால் சுழற்றலாம். இது மலிவு. சமதளத்தில் காரை மெல்ல நகர்த்தும். சரிவான வாசலில் திணறும். உங்கள் வீட்டு வாசல் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிளட்ச், கியர், மின்சாரம்

கிளட்ச்சுக்கு வலுவான ஸ்பிரிங்குகள் போடுங்கள். பைக்கில் இரண்டு விரல் இழுக்கும் கேபிளைக் காரில் காலால் மிதிக்கிறோம். ஆகவே பெடலுக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் மிதிக்கும் கால் உள்ளே இருக்கும் நெம்புகோலை வளைத்துவிடும். கியருக்கு ஒரு இணைப்புக் கம்பியும் கைப்பிடியும் போதும். முன்னால் தள்ளினால் இறக்கம், பின்னால் இழுத்தால் ஏற்றம். நியூட்ரல் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் என்பதைக் கை பழக்கத்தில்தான் கற்கும்.

பைக் வயரிங் கட்டைப் பிய்த்து எறியாமல் அப்படியே வைத்து, விளக்குகளுக்குத் தனிக் கட்டு போடுவது புதியவருக்கு எளிது. சைடு ஸ்டாண்டு சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் சரியாக இணையாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. சாய்வு உணரியை பைக்கில் இருந்த அதே நிமிர்ந்த நிலையில் பொருத்த வேண்டும். படுக்கையில் வைத்தால் வண்டி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிடும். பைக்கின் ஆல்டர்னேட்டர் சிறியது. இரண்டு ஹெட்லைட்டும் ரேடியேட்டர் விசிறியும் ஒரே நேரத்தில் ஓடினாலே மூச்சு வாங்கும் என்பதால் எல்இடி விளக்குகள் உதவும். ரேடியேட்டருக்கு ஃபோக்ஸ்வாகன் போலோவினுடையதைப் பலர் வைக்கிறார்கள். மூக்குக்குள் அழகாக உட்காரும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றிய பிறகே முதன்முறை எஞ்சினைக் கிளப்புங்கள்.

தேர்வு

வீட்டில் கட்டிய காரை இங்கிலாந்தில் பதிவு செய்யத் தேற வேண்டிய, ஐவிஏ எனப்படும் தனி வாகன ஒப்புதல் தேர்வு 2009இல் பழைய எஸ்விஏ தேர்வின் இடத்துக்கு வந்தது. தேர்வாளர் அளவுகோலோடு வருகிறார். உங்கள் உழைப்பைப் பார்த்து மனமிரங்கி விட்டுவிட மாட்டார். வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்தில் மழுங்கியிருக்க வேண்டும். செவன் வடிவக் காரில் சஸ்பென்ஷன் கைகளும் போல்ட் தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், ரப்பர் விளிம்பும் பிளாஸ்டிக் மூடிகளும் பை பையாக வாங்க வேண்டிவரும். அழகாக இருக்காது. தேர்வுக்குப் பிறகு அவற்றைப் பிடுங்கிவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் சொல்லித்தர மாட்டேன்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு. வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக நடுவை நோக்கித் திரும்ப வேண்டும்; எடை குறைந்த காரில் இது எளிதில் வராது, காஸ்டர் கோணத்தை (முன்சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணத்தை) கூட்ட வேண்டியிருக்கும். பிரேக்கில் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முன்னால் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. பைக்கின் மீட்டரை அப்படியே வைத்தவர்கள் இங்கே தோற்கிறார்கள், ஏனென்றால் டிஃபரன்ஷியலும் சக்கரமும் மாறிவிட்டன. புகை, சத்தம் இரண்டையும் அளக்கிறார்கள். பைக்கின் பந்தய சைலன்சரோடு போனால் அன்றைக்குத் திரும்பி வர வேண்டியதுதான்.

கட்டும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு ரசீதையும் கோப்பில் போடுங்கள். நீங்களே கட்டினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி. தேர்வு முடிந்ததும் பிரிட்டிஷ் வாகனப் பதிவுத் துறையான டிவிஎல்ஏவிடம் பதிவுக்குப் போகும்போது வி627/1 படிவத்தில் எந்த உதிரி எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். உதிரிகளின் வயதைக் காட்ட முடியாவிட்டால் ‘க்யூ’ எண்பலகை கிடைக்கும். அதில் அவமானம் ஒன்றுமில்லை, விற்கும்போது விலை சற்றுக் குறையும்.

முதல் ஓட்டங்கள்

சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக், தொட்டில் ஆகியவற்றின் ஒவ்வொரு போல்ட்டையும் சரியான முறுக்கத்துக்கு இறுக்கியபின், நட்டிலிருந்து பிராக்கெட்டுக்கு மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது. முதல் எண்ணெயைச் சீக்கிரமே வடித்து, ஃபில்டரை அறுத்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். புதுச் சம்ப் தகட்டின் சீவல்கள் இப்போதுதான் வெளியே வரும். பல்சக்கரம் இருந்த இடத்து அடாப்டர் நட்டைக் கடைசியாகப் பார்க்க வேண்டாம், முதலில் பாருங்கள். அதன் பூட்டு வாஷர் மடிந்து உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டத்துக்குச் சாவியைத் திருப்புங்கள்.